66–65, இரண்டு முறை

2021 ஏப்ரல் 3, விடிகாலை மூன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஹாலில் லேப்டாப்பின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் அரையிறுதி பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டான்ஃபர்டும் சவுத் கரோலினாவும். முடிய அரை நிமிடம் இருக்கும்போது ஸ்டான்ஃபர்டின் ஹேலி ஜோன்ஸ் போட்ட பந்தில் ஸ்கோர் 66–65 ஆகிவிட்டது. கடைசி நொடிகளில் சவுத் கரோலினா பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது, ப்ரேயா பீல் வளையத்துக்குப் பக்கத்தில் போய்ப் போட்ட லே-அப் உள்ளே போகவில்லை, அதை அலியா பாஸ்டன் எட்டிப் பிடித்துத் திரும்பப் போடுகிறாள், அதுவும் போகவில்லை. நேரம் முடிந்துவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண், கோர்ட்டிலேயே உடைந்து அழுதாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், ஒரு நல்ல அணி ஒரே பாயிண்டில் தோற்றுப்போனது. சில நாள் கழித்து, சவுத் கரோலினாவின் கோச் டான் ஸ்டேலி கல்லூரியில் ஆடிய காலத்துப் பழைய ஸ்கோர்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. 1992, லாஸ் ஏஞ்சலிஸ், தேசிய அரையிறுதி: ஸ்டான்ஃபர்ட் 66, வர்ஜீனியா 65. வர்ஜீனியாவின் பாயிண்ட் கார்டு டான் ஸ்டேலி. அவர் ஆடிய கடைசிக் கல்லூரி ஆட்டம் அது. ஸ்டான்ஃபர்டின் கோச் தாரா வான்டெர்வீர். 2021லும் ஸ்டான்ஃபர்டின் கோச் அதே தாரா வான்டெர்வீர்தான்.

இருபத்தொன்பது வருஷம் கழித்து அதே இரண்டு பேர், அதே அரையிறுதி, அதே 66–65. அந்த வரியை நான் மூன்று நான்கு முறை சரிபார்த்தேன்.

இந்த விளையாட்டில் எந்தக் கோச்சைப் பற்றிய அறிமுகத்தை எடுத்தாலும் இரண்டு பகுதியாகப் பிரித்துத்தான் போட்டிருப்பார்கள். முதலில் ஆடிய காலம், அதற்குக் கீழே கோச்சாக இருந்த காலம், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு பொய் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். ஆடும்போது கிடைக்காமல் போன ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டேதான் இந்தப் பெண்கள் கோச் ஆகியிருக்கிறார்கள். சிலருக்கு அது ஒரு கோப்பை. சிலருக்கு ஆடுவதற்கு ஒரு அணியே இல்லை.

தாரா இரண்டாவது வகை. 1953ல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தில் வளர்ந்தவர். அவர் படித்த பள்ளியில் பையன்களுக்கு அணி உண்டு, பெண்களுக்குக் கிடையாது. மேட்ச் நடக்கிற இடத்தில் எப்படியாவது இருக்க வேண்டும் என்பதற்காகக் கரடி வேஷம் போட்டுக்கொண்டு பையன்கள் அணியின் உற்சாகப் பொம்மையாக நின்றவர். வாசலில் பந்து போட்டுக்கொண்டிருந்தால், உள்ளே வந்து அல்ஜீப்ராவைப் பார், கூடைப்பந்து உன்னை எங்கேயும் கொண்டுபோகாது என்று அப்பா சொல்வாராம். அந்த அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். 1960களில் ஒரு பெண்ணைக் கூடைப்பந்து உண்மையிலேயே எங்கேயும் கொண்டுபோகவில்லை.

பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆடினார், 1973ல் அந்த அணி தேசிய அளவில் கடைசி நான்கு வரை போனது. ஆனால் அங்கே அவர் செய்த பெரிய காரியம் ஆட்டம் இல்லை. ஆண்கள் அணிக்குக் கோச்சாக இருந்த பாப் நைட் நடத்தும் பயிற்சிகளைக் காலரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அப்புறம் ஓஹையோ ஸ்டேட்டில் சம்பளமில்லாத உதவிக் கோச், 1978ல் ஐடஹோவில் தலைமைக் கோச், மறுபடி ஓஹையோ ஸ்டேட், 1985ல் ஸ்டான்ஃபர்ட். அவர் போய்ச் சேர்ந்ததற்கு முந்தைய வருஷம் அந்த அணி 9 ஆட்டத்தில் ஜெயித்து 19ல் தோற்றிருந்தது. ஐந்தாவது சீசனில், 1990ல், தேசிய சாம்பியன்.

அந்த 1990ல்தான் இந்தக் கதையில் டான் வருகிறார்.

டான் ஸ்டேலி 1970ல் பிறந்தது ஃபிலடெல்ஃபியாவின் வடக்குப் பகுதியில், ரேமண்ட் ரோசன் என்ற அரசுக் குடியிருப்பில். நம் ஊர் ஹவுசிங் போர்டு குடியிருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் நெருக்கடியானது, இன்னும் ஆபத்தானது. பையன்களோடு ஆடி வளர்ந்தவர். உயரம் ஐந்தடி ஆறங்குலம்தான். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாகத்தான் ஆட முடியும், ஆனால் அந்த இடத்தில் அவரைவிட நன்றாக ஆடியவர்களை நான் பார்த்ததில்லை. வர்ஜீனியாவில் டெபி ரயன் என்ற கோச்சிடம் சேர்ந்தார். அங்கே மூன்று வருஷம் தொடர்ந்து ஃபைனல் ஃபோர், அதாவது தேசிய அரையிறுதி. கேளுங்கள்:

1990ல் வர்ஜீனியா ஓவர்டைமில் டென்னசியைத் தோற்கடித்து உள்ளே வந்தது. அந்த வருஷ அரையிறுதி நடந்ததே டென்னசியின் சொந்தக் கோர்ட்டில், நாக்ஸ்வில்லில், சொந்தக் கோர்ட்டில் ஆட முடியாமல் டென்னசி வீட்டில் உட்கார்ந்திருந்தது. அங்கே வர்ஜீனியாவை நிறுத்தியது ஸ்டான்ஃபர்ட். 1991ல் இறுதிப் போட்டி, நியூ ஆர்லியன்ஸ். இப்போது டென்னசியின் முறை. ஜெயித்துவிட்டோம் என்று வர்ஜீனியா நினைக்கிற நேரத்தில் டீனா ஹெட் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு ஆட்டத்தைச் சமன் செய்து, ஓவர்டைமில் டென்னசி 70–67 என்று எடுத்துக்கொண்டது. டான் 28 பாயிண்ட். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை டானுக்குத்தான் கொடுத்தார்கள், தோற்ற அணியில் இருந்தவருக்கு. பெண்கள் போட்டியில் அப்படி அந்த விருதை வாங்கியவர் அவர் ஒருவர்தான். 1992 நான் மேலே சொன்ன 66–65.

மூன்று முறையும் அவரை நிறுத்தியது இரண்டே கோச்சுகள். ஒருவர் தாரா வான்டெர்வீர். இன்னொருவர் பாட் சம்மிட்.

பாட் சம்மிட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த விளையாட்டைப் பற்றி யாரும் எழுத முடியாது. டென்னசியில் ஒரு விவசாயக் குடும்பம், மாட்டுக் கொட்டகையின் வைக்கோல் பரணில் வளையம் கட்டி அண்ணன்களோடு ஆடிய பெண். பக்கத்துப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்பதற்காகவே குடும்பம் வேறு இடத்துக்கு வீடு மாறியது. அந்த அப்பாவும் ஒரு அப்பாதான், யோசித்துப் பாருங்கள். கல்லூரிக் கடைசி வருஷத்தில் முழங்கால் தசைநார் அறுந்துபோனது. 1974ல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழகத்தில் உதவிக் கோச்சாகச் சேரப் போனவரை, இருந்த கோச் விடுப்பில் போய்விட்டதால், தலைமைக் கோச்சாகவே உட்கார வைத்துவிட்டார்கள். மாதம் 250 டாலர். வேனை ஓட்டியதும் அவர், யூனிஃபார்மைத் துவைத்ததும் அவர், அந்த யூனிஃபார்ம்கூட டோனட் விற்று வாங்கியது. முதல் ஆட்டம் மெர்சரிடம் 84–83 என்று தோல்வி.

அடுத்த இரண்டு வருஷமும் அவர் கோச்சாக இருந்துகொண்டே, மேற்படிப்பு படித்துக்கொண்டே, அறுந்த முழங்காலைச் சரிசெய்துகொண்டிருந்தார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல் முறை சேர்க்கப்பட்டது. அமெரிக்க அணியின் இணைத் தலைவர்களில் ஒருவராகப் போய் வெள்ளி வாங்கினார். எட்டு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாட்டு அணிக்குக் கோச்சாக நின்று தங்கம். டென்னசிக்கு எட்டு தேசியப் பட்டம், 1998ல் 39–0 என்று தோல்வியே இல்லாத சீசன், மொத்தம் 1,098 வெற்றி. இந்த எண்களை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவரிடம் நான்கு வருஷமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள் என்பது. அவர் ஆடுகிறவர்களை முறைத்துப் பார்க்கும் பார்வை ரொம்பப் பிரபலம். அந்தப் பார்வை கோர்ட்டுக்கு மட்டும் இல்லை, வகுப்புக்கும் சேர்த்துத்தான்.

2011ல், 59 வயதில், அல்சைமர் என்று தெரிந்தது. மறைக்காமல் வெளியே சொன்னார், இன்னும் ஒரு சீசன் கோச்சாக இருந்தார், 2012ல் இடத்தைத் தன்னிடமே ஆடிய, தன்னிடமே உதவிக் கோச்சாக இருந்த ஹாலி வார்லிக்கிடம் கொடுத்தார். 2016ல் இறந்துபோனார். ஆயிரம் ஆட்டங்களின் ஒவ்வொரு பாஸும் ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டியவருக்கு அந்த நோய். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

சரி, டானுக்குத் திரும்பலாம். கல்லூரி முடித்தபோது அமெரிக்காவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் கிடையாது. 1992 ஒலிம்பிக் அணியிலும் எடுக்கவில்லை. இரண்டு முறை நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரேசில் என்று ஊர் ஊராகப் போய் ஆடினார். 1995ல் அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக ஒரு வருஷம் முன்பே ஒரு தேசிய அணியைக் கூட்டினார்கள். அந்த அணிக்குக் கோச் யார்? தாரா. ஸ்டான்ஃபர்டில் ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு முறை தன் கனவை உடைத்தவரிடம் டான் ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்தார். உலகம் சுற்றி ஆடிய 52 ஆட்டத்திலும் வெற்றி, ஒலிம்பிக்கில் எட்டுக்கு எட்டு, இறுதியில் பிரேசிலை 111–87. அந்த அணிக்குக் கிடைத்த வரவேற்பில்தான் அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக்குகளே கிளம்பின, ஏபிஎல் 1996லும் டபிள்யூஎன்பிஏ 1997லும்.

எதிரில் நின்று தோற்கடித்த கோச்சை, உள்ளே இருந்து ஒரு வருஷம் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! ஏன் தோற்றோம் என்பதற்கான விடை அந்தக் கோச்சின் பயிற்சியில்தானே இருக்கும். டான் அதை அங்கே எடுத்துக்கொண்டார் என்பது என் ஊகம்தான், ஆனால் அவர் அணிகள் டிஃபென்ஸ் ஆடுகிற ஒழுங்கைப் பார்த்தால் எனக்குத் தாராவின் ஸ்டான்ஃபர்ட்தான் ஞாபகம் வருகிறது.

இத்தனைக்கும் அவருக்குக் கோச் ஆகும் ஆசையே இருந்ததில்லை. 2000ல் அவர் ஊரான ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் வந்து கேட்டது. முதலில் வேண்டாம் என்றவர், சரிந்து கிடக்கிற இந்த அணியைத் தூக்கி நிறுத்த உங்களால் முடியுமா என்கிற ரீதியில் பேச்சு போனபோது ஒப்புக்கொண்டார். பாயிண்ட் கார்டிடம் அப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்ல வராது. அப்போது அவர் டபிள்யூஎன்பிஏயில் ஷார்லட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆக, கோடையில் ஆட்டக்காரர், குளிர்காலத்தில் கோச். ஆறு வருஷம் இப்படி ஓட்டினார், அதற்கு நடுவிலேயே சிட்னியிலும் ஏதென்ஸிலும் இன்னும் இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவரும் அவர்தான். ஒரு பெண்ணிடம் நீ இந்தப் பாஸை இப்படிப் போட்டிருக்கணும் என்று ஜனவரியில் சொல்லிவிட்டு, ஜூனில் அதே பாஸைத் தானே போட்டுக் காட்ட வேண்டிய நிலையில் இருந்தவர். நடுவில் கோடு எங்கே போடுவது?

எனக்கு ஒரு சின்னச் சொந்த விஷயம் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் பிளஸ் டூ வரை ஆடினேன், சிமெண்ட் தரை, வலை இல்லாத வளையம். ஆடிய அத்தனை வருஷத்திலும் ஒரு பெண் கோச்சை நான் பார்த்ததில்லை, எதிரணிகளிலும்கூட. எங்கள் பி.டி. சார் நல்லவர், அது வேறு. ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் ஆட்டம் முடிந்தது என்று நான் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறமும் அந்தக் கோர்ட்டில் எனக்கு ஒரு இடம் இருக்கலாம் என்று யோசிக்க, அங்கே நிற்கிற ஒரு பெண்ணைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இது நேர்கோடாக நடக்கவில்லை. 1972ல் படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சம இடம் என்று டைட்டில் நைன் சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்கள்தான் கோச். சம்பளம் கிடையாது, யாரும் சீண்டாத வேலை. சட்டத்தால் பணம் வந்தது, அணிகள் பெருகின, கூடவே ஆண்களும் வந்தார்கள், எல்லா விளையாட்டும் சேர்த்துப் பார்த்தால் பெண் கோச்சுகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். கனெக்டிகட்டின் ஜீனோ ஓரியெம்மா மேல் எனக்கு மரியாதை உண்டு, 12 பட்டம் என்பது சும்மா இல்லை, 2024 நவம்பரில் வெற்றிக் கணக்கில் தாராவையே தாண்டினார். ஆனால் வேனை ஓட்டி யூனிஃபார்ம் துவைத்த தலைமுறை கட்டிய வீட்டில் அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்கு முதல் அறை கிடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

கறுப்பினப் பெண்களுக்கு இன்னும் கஷ்டம். ஆடுகிறவர்களில் ஏகப்பட்ட பேர் கறுப்பினப் பெண்கள், ஆனாலும் தேசியப் பட்டம் ஜெயித்த முதல் கறுப்பினப் பெண் கோச் வந்தது 1999ல், பர்டூவின் கேரலின் பெக். அவருக்கு முன்பே வந்திருக்க வேண்டியவர் விவியன் ஸ்ட்ரிங்கர். சுரங்கத் தொழிலாளியின் மகள். செய்னி என்ற சின்னக் கறுப்பினக் கல்லூரியை 1982ல், கல்லூரி விளையாட்டுகளுக்கான அமைப்பான என்சிஏஏ நடத்திய முதல் பெண்கள் இறுதிப் போட்டிக்கே கொண்டுபோனார், லூசியானா டெக்கிடம் தோற்றது. 1992 நவம்பரில் கணவர் திடீரென்று இறந்துபோனார். அந்த சீசனிலேயே அயோவாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனார், ஓவர்டைமில் ஒரு பாயிண்டில் தோல்வி. 2007ல் ரட்கர்ஸோடு மறுபடி இறுதி, அங்கே எதிரில் பாட் சம்மிட். ஆயிரத்துக்கும் மேல் வெற்றி, மூன்று வெவ்வேறு கல்லூரிகளைக் கடைசி நான்குக்குக் கொண்டுபோன முதல் கோச், பட்டம் ஒன்றுகூட இல்லை. தோற்றவர்களுக்கெல்லாம் ஒருநாள் திரும்பக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ரிங்கருக்குக் கிடைக்கவில்லை.

டானுக்குக் கிடைத்தது. 2008ல் சவுத் கரோலினாவுக்குப் போனார், அவர் அம்மா எஸ்டெல் பிறந்த மாநிலம். முதல் சீசன் 10 வெற்றி, 18 தோல்வி. 2015ல் கேரலின் பெக் தன் 1999 வெற்றியின் வலையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை டானிடம் கொடுத்து, நீ ஜெயிக்கும்போது திருப்பிக் கொடு என்றார் (பட்டம் வென்றதும் வளையத்தின் வலையை வெட்டி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்). 2017 அரையிறுதியில் எதிரில் நின்றது ஸ்டான்ஃபர்ட், தாரா. இந்த முறை டான் ஜெயித்தார், 62–53. பிறகு மிசிசிப்பி ஸ்டேட்டை வென்று பட்டம். தன் வலையைத் துண்டு துண்டாக வெட்டி நாடு முழுக்க இருந்த கறுப்பினப் பெண் கோச்சுகளுக்கு அனுப்பினார். எஸ்டெல் அந்த வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார், மகள் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுத்தான்.

அதற்கப்புறம்தான் 2021. இண்டியானாபொலிஸில் ஆடிய ஆண்கள் அணிகளுக்கு முழு ஜிம், சான் ஆன்டோனியோவில் ஆடிய பெண்கள் அணிகளுக்கு ஒரு சின்ன ஸ்டாண்டில் சில டம்பெல் என்று கொடுத்திருந்ததை ஓரிகன் அணியின் செடோனா ப்ரின்ஸ் வீடியோ எடுத்துப் போட்டு உலகமே பார்த்த வருஷம். டானும் அரிசோனாவின் ஏடியா பார்ன்ஸும் என்று முதல் முறையாக இரண்டு கறுப்பினப் பெண் கோச்சுகள் ஒரே ஃபைனல் ஃபோரில் நின்ற வருஷம். பார்ன்ஸ் அதே அரிசோனாவில் ஆடியவர், கைக்குழந்தையோடு வந்தவர், இறுதிப் போட்டியின் இடைவேளையில் குழந்தைக்காகப் பால் எடுத்து வைத்துவிட்டு கோர்ட்டுக்கு வந்தார். அவரும் தாராவிடம்தான் தோற்றார், 54–53. தாராவுக்கு அது மூன்றாவது பட்டம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 29 வருஷம். கரடி வேஷம் போட்ட பெண் 2024ல் ஓய்வு பெறும்போது கணக்கில் 1,216 வெற்றி.

அலியா பாஸ்டன் அழுத அந்தக் காட்சியை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைப் போடாதீர்கள் என்று டான் வெளிப்படையாகவே கேட்டார். 66–65ஐ 21 வயதில் சுமந்துகொண்டு கோர்ட்டை விட்டு வெளியே போனவர் அவர். 2021 டிசம்பரில் ஸ்டான்ஃபர்ட் சவுத் கரோலினாவின் சொந்த ஊரான கொலம்பியாவுக்கு வந்தது, 18 பாயிண்ட் பின்தங்கியிருந்த சவுத் கரோலினா எழுந்து 65–61 என்று ஜெயித்தது. 2022 ஏப்ரலில் மினியாபொலிஸ், இறுதிப் போட்டி. அதுவரை இறுதிக்கு வந்த பதினொரு முறையும் தோற்றதே இல்லாத கனெக்டிகட்டை 64–49.

நான் அன்றும் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். பாஸ்டன் 16 ரீபவுண்ட் எடுத்தாள். 1991ல் நியூ ஆர்லியன்ஸில் தோற்றுவிட்டு நின்ற டானிடம் கொடுத்தார்களே, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று, அதே விருதை அன்றிரவு பாஸ்டனிடம் கொடுத்தார்கள். இந்த முறையும் அழுதாள். டான் பக்கத்தில் நின்றார்.